இ.சி.இ. படிக்கும் மகளுக்குத் தொலைத்தொடர்பில் எதிர்காலம் உண்டா?

உங்கள் பயம் நியாயமானதுதான் ஐயா. மகள் இ.சி.இ. (மின்னணு மற்றும் தொடர்பியல் பொறியியல்) மூன்றாம் ஆண்டு. "தொலைத்தொடர்பில் கம்பெனிகளே மூடிக்கொண்டு போகின்றன, பேசாமல் சாஃப்ட்வேர் பக்கம் திருப்பிவிடட்டுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். மூடியது உண்மை, ஏர்செல் 2018இல் திவால் நடைமுறைக்குப் போனதை நம் ஊரில் யாரும் மறக்கவில்லை. ஆனால் இந்தத் துறையில் கம்பெனியைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள், அரசின் கொள்கையைப் பாருங்கள். பணம் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம்தான் ஆள் எடுப்பார்கள்.

மத்திய அரசின் 1994 தொலைத்தொடர்புக் கொள்கை தனியாருக்குக் கதவைத் திறந்தது. வந்தவர்கள் ஏலத்தில் ஒப்புக்கொண்ட உரிமக் கட்டணத்தைக் கட்ட முடியாமல் திணறினார்கள். 1999 கொள்கை, வருவாயில் ஒரு பங்கு கொடுத்தால் போதும் என்று மாற்றியது. செல்போன் சாமானியர் கைக்கு வந்ததில் அந்த மாற்றத்துக்குப் பெரிய பங்கு உண்டு. கூடவே டவர் வேலை, ரீசார்ஜ் கடை, செல்போன் பழுது பார்ப்பது என்று பட்டம் இல்லாதவர்களுக்கும் பிழைப்பு கிடைத்தது.

உங்கள் மகளுக்கு முக்கியமானது வேறொன்று. லாபம் வராத கிராமத்துக்கு எந்தக் கம்பெனியும் தானாகப் போகாது. அதற்காக நிறுவனங்களின் வருவாயிலிருந்து 5 சதவீதம் பிடித்து ஒரு நிதி வைத்தார்கள். 2023 தொலைத்தொடர்புச் சட்டத்துக்குப் பிறகு அதற்கு டிஜிட்டல் பாரத் நிதி என்று பெயர். ஊராட்சிகளுக்குக் கண்ணாடி இழைக் கேபிள் கொண்டுபோகும் பாரத்நெட்டுக்கு இந்த நிதிதான் ஆதாரம். 2011இல் ஒப்புதல் பெற்ற திட்டம், சொன்ன தேதியில் முடியவே இல்லை. 2023 ஆகஸ்டில் 1,39,579 கோடி ரூபாய்க்குத் திருத்திய திட்டத்தை ஏற்றார்கள். பத்தாண்டுப் பராமரிப்பும் அதில் சேர்த்தி. தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளை இணைக்கும் பொறுப்பு மாநில அரசின் இழை வலையமைப்பு நிறுவனமான டான்ஃபினெட்டிடம் இருக்கிறது.

நான் கோடியை விடப் பராமரிப்பைத்தான் கவனிப்பேன். சாலை தோண்டும்போது கேபிள் அறுந்தால், எத்தனையாவது மீட்டரில் அறுந்தது என்று, இழைக்குள் ஒளியை அனுப்பித் தூரத்தை அளக்கும் ஓ.டி.டி.ஆர். கருவியில் பார்க்க வேண்டும். அப்புறம் இழையின் மேலுறையை உரித்து, ஆல்கஹாலால் துடைத்து, நேராக வெட்டி, இழை முனைகளை உருக்கி இணைக்கும் ஸ்ப்ளைசர் கருவியில் வைத்து ஒட்ட வேண்டும். இழையின் தடிமன் 125 மைக்ரான், ஏறக்குறைய முடி அளவு. அதற்குள் ஒளி போகும் பாதை 9 மைக்ரான்தான். துளி தூசி இருந்தால் ஒளி இழப்பு ஏறிவிடும். இந்த வேலைக்கு ஐ.டி.ஐ. படித்த பிள்ளை போதும். ஆனால் எந்தப் பாதையில் கேபிள் போக வேண்டும், ஒரு பக்கம் அறுந்தால் மறுபக்கம் வழியாக இணைப்பு எப்படித் தொடர வேண்டும் என்று திட்டமிட இ.சி.இ. படித்தவர் வேண்டும்.

கொள்கையில் எழுதிய எல்லாவற்றையும் நம்பச் சொல்லவில்லை. 2018 கொள்கை, 2022க்குள் கூடுதலாக 40 லட்சம் வேலை என்று இலக்கு வைத்தது. அதை நம்பி யாரும் கல்விக் கடன் வாங்கக் கூடாது. இலக்கைத் தள்ளிவிட்டு, நிதி ஒதுக்கியிருக்கிறார்களா, டெண்டர் வந்திருக்கிறதா என்று பாருங்கள்.

சாஃப்ட்வேரா தொலைத்தொடர்பா என்று பிரிக்கவும் வேண்டாம். இன்றைய நெட்வொர்க்கில் நிறைய வேலை லினக்ஸ் இயங்குதளத்திலும் பைத்தான் நிரல்மொழியிலும்தான் நடக்கிறது. இரண்டையும் இந்த ஆண்டே தொடங்கட்டும். அரசுப் பணியில் ஆசை இருந்தால் யு.பி.எஸ்.சி.யின் பொறியியல் பணித் தேர்வு வழியாக இந்தியத் தொலைத்தொடர்புப் பணிக்குப் போகலாம். அதற்குக் கல்லூரிப் பாடம் ஆழமாக வேண்டும், கடைசி நேரப் படிப்பு உதவாது.

விடுமுறையில் இழை இணைப்பு வேலை எடுக்கும் ஒப்பந்ததாரர் யாரிடமாவது ஒரு மாதம் கற்றுக்கொள்ள அனுப்புங்கள். வெயிலில் நிற்பது பிடிக்கிறதா, திரைமுன் உட்காருவது பிடிக்கிறதா என்று அவளுக்கே தெரிந்துவிடும். அதுவரை "5ஜி சான்றிதழ், வேலை உறுதி" என்று பெருந்தொகை கேட்கும் எந்தப் பயிற்சி மையத்திலும் பணம் கட்டாதீர்கள்.