வராத பில் பாக்கிக்கு வக்கீல் நோட்டீஸ் போதுமா?

உங்கள் தையல் யூனிட்டுக்கு ஆறு மாதமாக வராத பாக்கிக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்பலாமா என்று கேட்கிறீர்கள். அனுப்பலாம், ஆனால் அதைவிடக் கூர்மையான ஆயுதம் உங்களிடமே இருக்கிறது. குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம், 2006. எழுத்து ஒப்பந்தம் இல்லையென்றால் வாங்கியவர் சரக்கை ஏற்றுக்கொண்ட 15 நாளில், இருந்தால் அதிகபட்சம் 45 நாளில் பணம் வந்துவிட வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் 'வங்கி விகிதம்' என்ற வட்டி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதந்தோறும் கூட்டு வட்டியாக ஏறும். இந்தப் பாக்கி வழக்குகளை விசாரிக்கும் மாநில வசதியாக்க மன்றத்தில் மனு கொடுங்கள். அங்கே பிறக்கும் தீர்ப்பை எதிர்த்து நீதிமன்றம் போக, வாங்கியவர் தீர்ப்புத் தொகையில் 75 சதவீதத்தை முதலில் கட்டியாக வேண்டும். இழுத்தடிப்பவர்களுக்கு இதுதான் வலிக்கும்.

உத்யம் பதிவு, அதாவது இத்தகைய நிறுவனங்களுக்கான அரசுப் பதிவு, சரக்கு அனுப்புவதற்கு முன்பே இருப்பது நல்லது. சட்டத்தின் பெயரில் இருந்தாலும் நடுத்தர நிறுவனத்துக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. வக்கீலுக்குச் செலவழிப்பதானால் அடுத்த ஆர்டரின் ஒப்பந்தத்தை எழுதச் செலவழியுங்கள்.