கொண்டை ஊசி வளைவும் ஆசானும் – கடிதம்

வணக்கம் சார்,

சென்ற மாதம் காரை வழுக்கவிட்டே வளைவைக் கடக்கும் ‘டிரிஃப்ட்’ வித்தையில் ஜப்பானின் ‘டிரிஃப்ட் கிங்’ எனப்படும் கெய்ச்சி சுச்சியா பற்றி எழுதியிருந்தீர்கள். மலைப்பாதையில் கார் ஓட்டிப் பழகியவர், பந்தய வீரரானவர், ஓய்வுக்குப் பிறகு இளைஞர்களுக்கு ஆசானாக இருப்பவர் என்று. நன்றாகத்தான் இருந்தது. ஆனால் சிக்கல் என் வீட்டில் ஆரம்பித்தது. என் அக்கா மகனுக்கு 21 வயது. ஞாயிறு விடிகாலையில் நண்பர்களோடு பைக்கில் கொல்லிமலை ஏறுகிறான். அடிவாரக் காரவள்ளியிலிருந்து மேலே சோளக்காட்டுக்கு எத்தனை நிமிடம் என்று போனில் கணக்கு வைத்திருக்கிறான். கண்டித்தால் உங்கள் கட்டுரையை எடுத்துக் காட்டி, “அவரும் இப்படித்தான் மாமா ஆரம்பிச்சாரு” என்கிறான். சட்டத்தை மீறி ஓட்டியவரை ஆசான் என்பது சரியா? பூட்டு உடைத்தவனிடம் போய் பூட்டுத் தொழில் கற்பார்களா? அவனுக்கு நான் என்ன சொல்வது?

கே., நாமக்கல்

அன்புள்ள கே.,

உங்கள் கோபத்தில் பாதி எனக்குச் சேர வேண்டியது. பனிமூட்டம், வளைவு, டயர் சத்தம் என்று மலையை வர்ணித்துத் தள்ளிவிட்டு, 1987-ல் உசுயி என்ற மலைக்கணவாயில் சுச்சியா ஓட்டியதைப் படம்பிடித்த வீடியோ வெளியானதையும், அதனால் அவருடைய ஓட்டுநர் உரிமம் நிறுத்திவைக்கப்பட்டதையும் ஒரே வரியில் தாண்டிவிட்டேன். கட்டுரை ஓட்டமாகப் போய்க்கொண்டிருந்தது, பிரேக் போட மனம் வரவில்லை.

உங்கள் மருமகனுக்கு உதவக்கூடிய முக்கியமான தகவல் ஒன்றையும் விட்டிருக்கிறேன். சுச்சியா பிறந்தது 1956 ஜனவரியில். ஃபூஜி சர்க்யூட்டில், அதாவது மூடிய பந்தயத் தடத்தில், புதியவர்களுக்கான பந்தயத்தில் அவர் இறங்கியது 1977-ல். வயதைக் கூட்டிப் பாருங்கள், 21. ‘அவரும் இப்படித்தான் ஆரம்பிச்சாரு’ என்று சொல்கிற பையனின் வயதில் அவர் சர்க்யூட்டுக்குள் போய்விட்டார். மலையை அதோடு விட்டுவிட்டார் என்று சொல்ல வரவில்லை. விட்டிருந்தால் 1987 வீடியோ ஏது? ஆனால் அவரை ஆசானாக்கியது மலை மட்டும்தான் என்ற கதை பொய்.

மலை என்ன கற்றுக்கொடுத்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பையன் என்னை நம்ப மாட்டான். கணவாய்க்கு ஜப்பானியில் ‘தோகே’ என்று பெயர். மலை, மேல், கீழ் என்ற மூன்றையும் ஒட்டி ஜப்பானியர்களே உருவாக்கிக்கொண்ட எழுத்து அது. குன்மாவிலிருந்து நாகானோவுக்கு ஏறும் பழைய உசுயி பாதையில் 184 வளைவுகள், கொல்லிமலையின் எழுபதைப் போலவே எண் பலகையோடு. (அந்த மலையில் 1893 முதல் 1963 வரை ரயில் ஏறியது, நம் மேட்டுப்பாளையம்–குன்னூர் பாதையில் இன்றும் இருக்கிற பல் வைத்த தண்டவாளத்தைப் பல்சக்கரம் கடித்துப் பிடித்து ஏறும் அதே ஆப்ட் முறையில். இது கார் கதைக்கு வேண்டாத செய்தி. எனக்குப் பிடிக்கும், அதனால் சொன்னேன்.)

இப்படிப்பட்ட பாதையில் ஏற்றத்தில் ஜெயிப்பது எஞ்சின். இறக்கத்தில் எஞ்சின் சக்திக்கு அவ்வளவு வேலை இல்லை. பிரேக், டயர், வண்டியின் எடை, ஓட்டுகிறவனின் கை, இவைதான். சுச்சியாவின் பெயரோடு ஒட்டிக்கொண்ட டொயோட்டா ஏஇ86 ஒரு டன்னுக்கும் குறைவான கார், 1.6 லிட்டர் எஞ்சின், 130 குதிரைத்திறன், இழுப்பது பின் சக்கரங்கள். வளைவுக்கு முன் பிரேக்கை மிதித்தால் காரின் எடை முன்னால் சாய்கிறது. முன் டயர்கள் தரையை அழுத்திப் பிடிக்கின்றன, பின் டயர்கள் லேசாகின்றன. அந்த நொடியில் ஸ்டியரிங்கைத் திருப்பினால் பின்பக்கம் வழுக்கிக்கொண்டு வெளியே வரும். உடனே ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் பிடித்து, ஆக்சிலரேட்டரை அளந்து மிதித்து, வழுக்கலிலேயே வளைவைக் கடக்க வேண்டும். கொஞ்சம் முந்தினாலும் பிந்தினாலும் கார் மலைச்சுவரில், அல்லது சுவர் இல்லாத பக்கத்தில்.

இது கார் வித்தை என்பதையும் அவனிடம் அழுத்திச் சொல்லுங்கள். பைக்கில் பின் சக்கரம் வழுக்கினால் அதற்குப் பெயர் விழுவது.

இந்த வித்தையையும் அவர் மலையில் கண்டுபிடிக்கவில்லை. பந்தயத் தடத்தில் குனிமிட்சு தகாஹாஷி இப்படி வழுக்கியபடி வளைவுகளைக் கடந்ததைப் பார்த்துப் பார்த்துப் பிடித்துக்கொண்டார். தகாஹாஷி முதலில் பைக் வீரர். 1961-ல் மேற்கு ஜெர்மனியில் 250 சிசி பிரிவில் ஜெயித்தார், உலக சாம்பியன்ஷிப் பைக் பந்தயம் ஒன்றை வென்ற முதல் ஜப்பானியர். அடுத்த ஆண்டு ஐல் ஆஃப் மேன் பந்தயத்தில் விழுந்து படுகாயம். அது சர்க்யூட் அல்ல, போக்குவரத்தை நிறுத்திவிட்டு ஊர்ச் சாலைகளில் நடத்துவது. சில ஆண்டுகளில் நான்கு சக்கரத்துக்கு மாறிவிட்டார். எதிரே வண்டியே வராத சாலையில் உலகத்தரமான வீரருக்கு நடந்தது இது. கொல்லிமலையில் எதிரே அரசுப் பேருந்து வரும்.

1995-ல் பிரான்சின் லெமான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் ஒரு ஹோண்டா என்எஸ்எக்ஸ் காரை மூன்று பேர் மாற்றி மாற்றி ஓட்டினார்கள்: தகாஹாஷி, சுச்சியா, அகிரா ஈடா. தகாஹாஷிக்கு அப்போது 55 வயது. ஜிடி2 பிரிவில் முதலிடம், மொத்தத்தில் எட்டாமிடம். தூரத்திலிருந்து பார்த்துக் கற்ற ஒருவன், அதே மனிதர் இறங்கிய சீட்டில் சூடு ஆறுவதற்குள் ஏறி உட்கார்கிறான். 1999-ல் டொயோட்டாவில் உக்யோ கதயாமா, தோஷியோ சுசுகியோடு இரண்டாமிடம் வந்தது இதைவிடப் பெரிய சாதனைதான். எனக்கு 1995-தான் பெரிது.

இனி உங்கள் பூட்டுக் கேள்வி. சுச்சியா 2003-ல் பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்றார். அதற்கு முன்பே, 2000-ல், கார் இதழாளர் டைஜிரோ இனடாவோடு சேர்ந்து டி1 என்ற டிரிஃப்ட் போட்டியைத் தொடங்கி, நடுவராக உட்கார்ந்துவிட்டார். மலையில் ராத்திரி திருட்டுத்தனமாகச் செய்ததைப் பட்டப்பகலில், மூடிய தடத்தில், டிக்கெட் வாங்கிய கூட்டத்தின் முன் செய்ய வைத்தார்கள். மலையில் தவறு செய்தால் எங்கே தவறினோம் என்று சொல்ல ஆள் கிடையாது, சில சமயம் கேட்கவும் ஆள் மிஞ்ச மாட்டான். சர்க்யூட்டில் ஒரே வளைவில் பத்து முறை தவறலாம். சுற்றிக்கொண்டு நின்ற காரைத் திருப்பி எடுத்துவந்தால், கோணம் போதவில்லை, வேகம் செத்துவிட்டது என்று நடுவர் சொல்வார். மறுபடி போகலாம். அவர் ஆசானானது இந்த இடத்தில்தான். 2001-ன் முதல் டி1 சாம்பியன் நொபுதெரு தானிகுச்சியும் தெருவில் ஓட்டித் திரிந்து வந்தவர்தான். பின்னாளில் ஜப்பானின் சூப்பர் ஜிடி பந்தயத்தில் ஜிடி300 பட்டத்தை மூன்று முறை வென்றார்.

ஆகவே பூட்டு உடைத்தவன் என்ற உவமை பாதிதான் பொருந்துகிறது. இவர் பூட்டு உடைக்கக் கற்றுத்தரவில்லை, பூட்டுப் பட்டறை வைத்துக் கொடுத்தார்.

நம்மிடம் அப்படி இடமில்லை என்று பையன் சொல்வான். நாமக்கல்லிலிருந்து சில மணி நேரத்தில் கோவை செட்டிபாளையம். அங்கே கரி மோட்டார் ஸ்பீட்வே 2.1 கிலோமீட்டர், பைக் பந்தயங்களும் நடக்கின்றன. அந்தக் ‘கரி’ கரிவரதன், மாருதி எஞ்சினை வைத்து உள்ளூரிலேயே ஃபார்முலா பந்தயக் கார் செய்தவர். செலவாகும், இல்லையென்று சொல்ல மாட்டேன். எலும்பு ஒட்டும் செலவையும் ஒருமுறை விசாரித்துவிட்டு ஒப்பிடுங்கள்.

என் கதையும் ஒன்று. சில வருடங்களுக்கு முன் கொல்லிமலையிலிருந்து காரில் இறங்கினேன், கால் முழுக்க பிரேக்கிலேயே. பாதி மலையில் கருகல் வாசனை, பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனது. எப்படியோ ஓரம்கட்டினேன். அன்னாசி ஏற்றிய மினி லாரிக்காரர் ஒருவர் நிறுத்தி, சக்கரத்துப் பக்கம் கையைக் காட்டிப் பார்த்துவிட்டு, “ஏறுன கியர்லயே இறங்கணுங்க. பிரேக்கு நிறுத்தறதுக்கு, இறங்கறதுக்கு இல்லீங்க” என்றார். ஆறும்வரை கூடவே நின்றார், ஒரு பழத்தையும் அறுத்துக் கொடுத்தார்.

வரும் ஞாயிறு மருமகனின் பைக்கில் பின்னால் ஏறிக்கொள்ளுங்கள், இரண்டு ஹெல்மெட்டோடு. தாய்மாமனை உட்காரவைத்துக்கொண்டு யாரும் நிமிடக் கணக்குப் பார்க்க மாட்டார்கள். திட்ட வேண்டாம். சோளக்காட்டில் டீ குடித்துவிட்டுத் திரும்பி இறங்கும்போது எந்த கியரில் வருகிறான் என்று மட்டும் பார்த்து எனக்கு எழுதுங்கள்.