வாஷிங்டன் குடும்பம் கடல் கடந்த கதை: கேள்வி பதில்

கேள்வி: வாஷிங்டன் முதலில் ஊர்ப் பெயரா, ஆள் பெயரா?

ஊர்ப் பெயர். வடகிழக்கு இங்கிலாந்தில், பழைய டர்ஹம் மாவட்டத்தில் இன்றும் அந்த ஊர் இருக்கிறது. 12ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வில்லியம் டி ஹெர்ட்பர்ன் என்ற நிலக்கிழார், தன் பழைய நிலத்தை டர்ஹம் பிஷப்பிடம் ஒப்படைத்துவிட்டு இந்த ஊரை வாங்கிக்கொண்டார். நிலம் மாறியதும் அவர் பெயரும் ஊர்ப் பெயராக மாறிவிட்டது. பழைய ஏடுகளில் வெஸ்ஸிங்டன் என்றும் இருக்கும். எழுத்து வேறுபட்டால் குடும்பம் வேறு என்று முடிவு கட்டாதீர்கள்.

கேள்வி: அமெரிக்காவுக்கு ஏன் போனார்கள்? மதக் கொடுமைக்குப் பயந்தா?

பியூரிட்டன்கள், அதாவது இங்கிலாந்துத் திருச்சபையைச் சீர்திருத்தக் கோரிய கண்டிப்பான புராட்டஸ்டன்ட்கள், கப்பலேறிய கதையை இங்கே பொருத்த முடியாது. இவர்கள் எதிர்த்தரப்பு. குடும்பத்தின் ஒரு கிளை தெற்கே வந்து கம்பளி வியாபாரத்தில் காசு பார்த்தது. மடாலயங்களை மன்னர் எட்டாம் ஹென்றி கலைத்தபோது, 1539இல் லாரன்ஸ் வாஷிங்டன் சல்கிரேவ் பண்ணையை விலைக்கு வாங்கினார். பிந்திய தலைமுறைகளில் செல்வம் கரைந்தது. அந்த வம்சத்தில் வந்த இன்னொரு லாரன்ஸ், ஆக்ஸ்ஃபோர்டில் படித்து எஸ்ஸெக்ஸின் பர்லி கிராமத்தில் பாதிரியார் ஆனார்.

மன்னருக்கும் பாராளுமன்றத்துக்கும் உள்நாட்டுப் போர் வந்தது. அவர் மன்னர் பக்கம். 1643இல் பாராளுமன்றத் தரப்பு அவரைப் பதவியிலிருந்து இறக்கியது. சுமத்திய குற்றம், தினமும் சாராயக்கடையில் உட்கார்ந்து குடிக்கிறார், பிறரையும் குடிக்கத் தூண்டுகிறார் என்பது. குடித்தாரோ இல்லையோ, மன்னரை ஆதரித்த பாதிரியார்கள் பலர் மீதும் இதே பாணிப் புகார்கள்தான் அச்சேறின. வறுமையில் இறந்தார். பிள்ளைகளுக்குச் சொத்து எதுவும் மிஞ்சவில்லை.

மகன் ஜான் புகையிலை வியாபாரத்தில் இறங்கி, சீ ஹார்ஸ் என்ற கப்பலில் துணை அதிகாரியாக வர்ஜீனியா போனார். 1657 தொடக்கத்தில், புகையிலை ஏற்றித் திரும்பும் வழியில் கப்பல் பொட்டோமாக் ஆற்றில் தரைதட்டியது. கப்பலை மீட்டெடுத்த பிறகு ஜான் அதில் ஏறவில்லை. நதானியேல் போப் என்ற உள்ளூர்ப் பெரும்புள்ளியின் மகள் ஆன்னை மணந்தார். மாமனார் 700 ஏக்கர் கொடுத்தார். அமெரிக்காவின் முதல் அதிபர் ஜார்ஜ், இந்த ஜானின் கொள்ளுப்பேரன்.

ஓர் எச்சரிக்கை: 1752 வரை இங்கிலாந்தில் ஆண்டு பிறந்தது மார்ச் 25இல். அதனால் இந்தப் பயணத்தையே 1656 என்று எழுதியிருப்பதைப் பார்ப்பீர்கள். ஜனவரி, பிப்ரவரித் தேதி என்றால் இருமுறை பாருங்கள்.

கேள்வி: எங்கள் குடும்பப் பெயருக்கு உரிய கேடயச் சின்னத்தை இணையத்தில் விற்கிறார்கள். வாங்கலாமா?

சுவருக்கு அழகு என்றால் வாங்குங்கள். இங்கிலாந்தில் சின்னம் வழங்கப்படுவது தனி ஆளுக்கு. அவர் நேர் வாரிசுகளுக்குச் சேரும். பெயருக்குச் சின்னம் கிடையாது.

கேள்வி: அமெரிக்கக் கொடியே வாஷிங்டன் குடும்பச் சின்னத்திலிருந்து வந்ததுதானே?

இல்லை. கொடியை வரையறுத்த அமெரிக்கக் காங்கிரஸின் 1777 ஜூன் 14 தீர்மானம் 13 கோடுகள், நீலப் பின்னணியில் 13 வெள்ளை நட்சத்திரங்கள் என்கிறது. குடும்பச் சின்னத்தைப் பற்றி மூச்சே இல்லை.

கேள்வி: நான்தான் மறுபடியும். சல்கிரேவ் மாளிகை வாசலில் நட்சத்திரமும் கோடும் கல்லில் செதுக்கியிருக்கிறதே?

செதுக்கியிருக்கிறது. வெள்ளையில் சிவப்புப் பட்டை இரண்டு, மேலே சிவப்பு நட்சத்திரம் மூன்று. நீலம் எங்கே? கோடுகளோ, ஜார்ஜ் அதிபராவதற்கு வெகு முன்பே, 1776 தொடக்கத்தில் பறந்த கொடியில், மூலையில் பிரிட்டிஷ் சிலுவைகளோடு இருந்தன. உங்களுக்கு ஒரு கொடி வேண்டுமென்றால் வாஷிங்டன் நகரக் கொடியைப் பாருங்கள். 1938இல் ஏற்றது, அது அப்படியே குடும்பச் சின்னம்தான்.

கேள்வி: என் பெயருக்கும் சின்னம் இருக்குமா?

மேலே படியுங்கள்.

கேள்வி: வாஷிங்டன் பெயருள்ள கறுப்பின மக்கள் அனைவரும் ஜார்ஜின் அடிமைகளின் வாரிசுகளா?

இன்று வந்ததில் உருப்படியான கேள்வி இது. அமெரிக்காவின் 2000ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தப் பெயருடையோர் சுமார் 1,63,000 பேர். பத்தில் ஒன்பது பேர் கறுப்பினத்தவர். 1799இல் ஜார்ஜின் மவுண்ட் வெர்னான் பண்ணையில் இருந்த அடிமைகளோ 317 பேர். அவர்களிலிருந்து மட்டும் இத்தனை பேர் வந்திருக்க வழியில்லை. அடிமைமுறையிலிருந்து விடுதலையான பின் பலர் தாங்களே தேர்ந்த பெயர் இது. அடிமையாகப் பிறந்து கல்வியாளரான புக்கர் டி. வாஷிங்டனை எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளியில் வருகைப் பதிவின்போது மற்ற பிள்ளைகளுக்கு இரண்டு பெயர், இவருக்கு ஒன்றுதான். தன் முறை வந்ததும் சளைக்காமல் 'புக்கர் வாஷிங்டன்' என்றார். அவருடைய மாற்றாந்தந்தையின் முதற்பெயர் வாஷிங்டன். ஜார்ஜுக்குச் சொந்தப் பிள்ளைகளே இல்லை. அவருடைய நேர் வாரிசு என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

கேள்வி: என் தாத்தா பெயர் வாஷிங்டன், நாகர்கோவில்காரர். ஏதாவது தொடர்பு?

இருக்காது. அது பெற்றோர் ஆசையாக வைத்த பெயர்.

கேள்வி: நாங்கள் ஆங்கிலோ-இந்தியர். ரயில்வேயில் இருந்த பூட்டனாரின் ஊரை எப்படிக் கண்டுபிடிப்பது?

என் துறை இல்லை. லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில், சென்னை மாகாணத் தேவாலயப் பதிவுகளில் தொடங்குங்கள்.

கேள்வி: ஜார்ஜுக்கே தன் பூர்விகம் தெரியுமா?

அரைகுறையாக. குடும்பக் கேடயச் சின்னங்களைக் கவனிக்கும் பிரிட்டிஷ் அதிகாரி ஐசக் ஹேர்ட் விசாரித்து எழுதியபோது, 1792இல் பதில் போட்டார்: இந்த விஷயத்தில் தான் அதிகம் கவனம் செலுத்தவில்லை, முன்னோர் வடக்கு மாவட்டம் ஒன்றிலிருந்து வந்ததாகக் கேள்வி, லங்காஷயரா யார்க்‌ஷயரா அதற்கும் வடக்கா என்று நினைவில்லை. ஜான் கப்பலேறியதற்கு நூறாண்டு முன்பே குடும்பம் தெற்கே வந்துவிட்டது என்பது அந்தக் கடிதத்தில் இல்லை.

கொடி நண்பர் மூன்றாவது கேள்வியும் அனுப்பியிருக்கிறார். நீலத்துக்கு ஆதாரம் கொண்டு வந்தால் பேசலாம்.