பழைய பிலிம் கேமரா: லென்ஸ் பொருத்தமும் மீட்டர் கணக்கும் – கேள்வி பதில்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் அலமாரியிலிருந்து மறுபடி வெளியே வந்திருக்கும் கேமராக்களைப் பற்றிய கேள்விகள் இவை. எல்லோருக்கும் பொதுவாக ஒன்று: படம் சரியாக வரவில்லை என்றால் முதலில் பேட்டரியைப் பாருங்கள், அடுத்து லென்ஸை, கடைசியாகத்தான் மீட்டரை, அதாவது வெளிச்சத்தை அளக்கும் கருவியை. பலர் தலைகீழாகத் தொடங்கி நல்ல மீட்டரைக் கழற்றிவிடுகிறார்கள்.

கேள்வி: அண்ணே, அப்பாவோட மினோல்டா எஸ்ஆர்டி 101. கடையில 1.5 வோல்ட் பட்டன் பேட்டரி வாங்கிப் போட்டேன், ஊசி நல்லா ஆடுது. ஆனா ரெண்டு ரோலும் நெகட்டிவ் வெளிறிப்போய் வந்திருக்கு. மீட்டர் கெட்டுப்போச்சா?

பதில்: மீட்டர் நன்றாக இருக்க வாய்ப்பு அதிகம் தம்பி. அந்தக் கேமரா பிஎக்ஸ் 625 என்ற பாதரச பேட்டரிக்காகச் செய்தது. அதன் மின்னழுத்தம் 1.35 வோல்ட், தீரும்வரை ஏறக்குறைய அப்படியே நிற்கும். நீங்கள் போட்டது அல்கலைன். 1.5 வோல்ட்டில் தொடங்கி, பயன்படுத்தப் பயன்படுத்தச் சரிந்துகொண்டே போகும். அழுத்தம் கூடினால் ஊசி கூடுதலாக நகரும். வெளிச்சம் இருப்பதைவிட அதிகம் என்று காட்டும். அதை நம்பி அப்பர்ச்சரை (லென்ஸுக்குள் வெளிச்சம் நுழையும் துளையை) சுருக்கினால் பிலிமுக்கு வெளிச்சம் போதாமல் போகிறது. ஐஎஸ்ஓவை (பிலிமின் உணர்திறன் எண்ணை) ஒரு ஸ்டாப், அதாவது வெளிச்சத்தை இரட்டிப்பாக்கும் அல்லது பாதியாக்கும் ஒரு படி, குறைத்து வைத்தால் சரியாகிவிடும் என்று சொல்வார்கள். நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். வெயிலில் வரும் பிழையும் நிழலில் வரும் பிழையும் ஒரே அளவு இல்லை, பேட்டரி பழசாக ஆக அதுவும் மாறும்.

செய்ய வேண்டியது இதுதான். ஃபார்மசியில் காது கேட்கும் கருவிக்கான 675 எண் துத்தநாக-காற்று பேட்டரி வாங்குங்கள். அது 1.4 வோல்ட், வித்தியாசம் பொருட்படுத்தத் தேவையில்லை. குறுக்களவு 11.6 மி.மீ.; பழைய பேட்டரி 16 மி.மீ. அளவுக்கு இருந்ததால் உள்ளே ஆடும். ஹார்ட்வேர் கடையில் 2 மி.மீ. தடிப்புள்ள ரப்பர் ஓ-ரிங் வாங்கிச் சுற்றிலும் மாட்டுங்கள். பேட்டரியின் மேலுள்ள சிறு துளைகளை ரப்பர் மூடிவிடக் கூடாது, அது காற்றை இழுத்துத்தான் வேலை செய்கிறது. உயரம் அரை மி.மீ. குறையும்; தொடர்பு விட்டுவிட்டு வந்தால் அலுமினியத் தாளை மடித்து அடியில் வையுங்கள். ஸ்டிக்கரை உரித்ததும் ஐந்து நிமிடம் வெளியே வைத்துவிட்டுப் போடுங்கள். உரித்த பிறகு கேமராவை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் சில வாரங்களில், மிஞ்சினால் இரண்டொரு மாதத்தில் தீர்ந்துவிடும். அடிக்கடி மாற்றப் பிடிக்காவிட்டால், உள்ளே டையோடு வைத்து அழுத்தத்தைக் குறைக்கும் அடாப்டர் விற்கிறார்கள். அதில் சில்வர் ஆக்சைடு பேட்டரிதான் போட வேண்டும். அல்கலைன் போட்டால் பழைய சிக்கலே திரும்பும்.

அடித்தட்டில் உள்ள சுவிட்சை வேலை முடிந்ததும் அணைத்து வைக்கவும். பேட்டரி அறையில் பச்சைப் பூச்சு தெரிந்தால் பஞ்சுக் குச்சியில் வினிகர் தொட்டுத் துடைத்து, பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்துக் காயவிடுங்கள்.

கேள்வி: என்கிட்ட பெண்டாக்ஸ் ஸ்பாட்மேட்டிக். எனக்கும் இதே தொல்லை வருமா?

பதில்: வராது. 1964-ல் வந்த அந்த மாடலின் மீட்டர் பிரிட்ஜ் சுற்றில் இயங்குகிறது, அழுத்த வித்தியாசம் அதைப் பெரிதாகப் பாதிக்காது. அளவு பொருந்தும் சில்வர் ஆக்சைடு பேட்டரி போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஸ்பாட்மேட்டிக்கோட டாக்குமார் லென்ஸ என் நைக்கான் எஃப்எம்-ல மாட்டலாமா ஐயா? தங்கச்சிகிட்ட பெண்டாக்ஸ் கே1000 வேற இருக்கு.

பதில்: நைக்கானில் வேண்டாம். லென்ஸ் மாட்டும் வளையத்திலிருந்து (மவுண்ட்) பிலிம் வரை உள்ள தூரம்தான் இங்கே கணக்கு. டாக்குமாரின் எம்42 திருகு மவுண்ட்டுக்கு அது 45.46 மி.மீ., நைக்கானுக்கு 46.5. லென்ஸ் ஒரு மி.மீ.க்கு மேல் முன்னால் தள்ளி நிற்பதால் தூரத்துக் காட்சி கூர்மையாகாது. உள்ளே லென்ஸ் கண்ணாடி வைத்த அடாப்டர் தூரத்தைச் சரிசெய்யும், படத்தின் தரத்தைக் கெடுத்துவிடும்.

கே1000-க்கும் எம்42-க்கும் தூரம் ஒன்றே, தங்கைக்குக் கொடுங்கள். அடாப்டர் மவுண்ட்டுக்குள் முழுக்க இறங்கும் வகையாக இருக்க வேண்டும். விளிம்பு வைத்த மலிவு அடாப்டர் அந்த ஒரு மி.மீ.யை மறுபடி சேர்த்துவிடும். லென்ஸில் ஏ/எம் (ஆட்டோ/மேனுவல்) சுவிட்ச் இருந்தால் முழுத் திறப்பில் ஃபோக்கஸ் செய்து, எம்-க்கு மாற்றி, அப்பர்ச்சர் சுருங்கிய நிலையில் மீட்டர் பாருங்கள். சுவிட்ச் இல்லாத ஆட்டோ லென்ஸ், பின்னால் உள்ள ஊசியை அழுத்த எதுவும் இல்லாததால், எந்த எண்ணில் வைத்தாலும் முழுத் திறப்பிலேயே நிற்கும்.

கேள்வி: பழைய நான்-ஏஐ நிக்கோர் லென்ஸ் அதே எஃப்எம்-ல போகுமா?

பதில்: போகும். நான்-ஏஐ என்றால், அப்பர்ச்சர் எண்ணை எஃப்எம் போன்ற கேமராவின் மீட்டருக்குத் தெரிவிக்கும் ஏஐ அமைப்பு இல்லாத பழைய நைக்கான் லென்ஸ். மவுண்ட்டைச் சுற்றியுள்ள சிறு நாக்கை மடக்கிவிட்டு மாட்டுங்கள், அப்பர்ச்சரைச் சுருக்கி மீட்டர் பாருங்கள். எஃப்எம்2-வில் அந்த நாக்கு மடங்காது. வலுக்கட்டாயமாகத் திருகினால் உடையும்.

கேள்வி: தைப்பூசத்துக்கு கே1000 எடுத்துட்டுப் போறேன் அண்ணே. போன தடவை வெள்ளை வேட்டி எல்லாம் சாம்பல் நிறமா வந்துச்சு, முகம் கருத்துப் போச்சு.

பதில்: மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் என்றே எண்ணிக்கொள்ளும். படச் சட்டம் முழுக்க வெள்ளை வேட்டி என்றால் அதையும் சாம்பலாக்கத்தான் அளவு சொல்லும். அங்கே ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் திறக்க வேண்டும். அதைவிட எளிது, அதே வெயிலில் இருக்கும் பச்சைப் புல்லைப் பார்த்து அளவெடுத்து அப்படியே வைத்துக்கொள்வது. உள்ளங்கையைப் பார்த்தும் எடுக்கலாம், அதில் ஒரு ஸ்டாப் கூட்டுங்கள்.

பேட்டரி தீர்ந்தாலும் படம் எடுக்கலாம், கே1000-இன் ஷட்டருக்கு அது தேவையில்லை. ஐஎஸ்ஓ 200 பிலிமுக்கு நல்ல வெயிலில் 1/250 நொடி ஷட்டர், எஃப் 16 அப்பர்ச்சர். மந்தாரம் என்றால் எஃப் 8. கித்தா (ரப்பர்) மர நிழலில் எஃப் 4-இல் தொடங்குங்கள். அடர்ந்த செம்பனைக்குள் 2.8 கூடத் தேவைப்படும். நம் ஊர் உச்சி வெயில் நேர்மேலே நிற்பதால் கண்குழிகள் இருண்டுவிடும். முகம் முக்கியம் என்றால் நெகட்டிவ் பிலிமில் ஒரு ஸ்டாப் கூடுதலாகவே கொடுங்கள், அது தாங்கும். ஸ்லைடு பிலிம் தாங்காது.

இன்னொன்று, வெயிலிலிருந்து கோவில் மண்டபத்துக்குள் நுழைந்ததும் ஊசியை நம்பாதீர்கள். மீட்டருக்குள் வெளிச்சத்தை உணரும் சிடிஎஸ் செல்லுக்குப் பழைய வெளிச்சத்தின் நினைவு கொஞ்ச நேரம் இருக்கும், காத்திருந்து பாருங்கள். இந்த மாடலில் மீட்டருக்குத் தனி சுவிட்ச் கிடையாது. லென்ஸ் மூடியைப் போடாவிட்டால் பேட்டரி ஓடிக்கொண்டே இருக்கும்.

கேள்வி: பேட்டரி சரி, மீட்டரும் போன் ஆப்போட ஒத்துப்போகுது. ஆனா எஃப் 11, எஃப் 16-ல எடுத்த படம் மட்டும் ரொம்ப வெளுத்து வருது.

பதில்: அப்பர்ச்சர் இதழ்களில் எண்ணெய் இறங்கியிருக்கும். மீட்டர் சரியாகச் சொன்னாலும் ஷட்டர் திறக்கும் நேரத்துக்குள் இதழ்கள் சுருங்கி முடிவதில்லை. முழுத் திறப்பில் எடுத்த படம் நன்றாக இருப்பதும் அதனால்தான். எஃப் 16, ஒரு நொடி ஷட்டர் வைத்து, லென்ஸை முன்பக்கமிருந்து பார்த்தபடி அழுத்துங்கள். இதழ்கள் சட்டென்று மூட வேண்டும். ஊர்ந்து மூடினால் லென்ஸைப் பிரித்து இதழ்களைக் கழுவ வேண்டும், பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள். அதுவரை எஃப் 2.8, எஃப் 4 அளவிலேயே எடுத்து வாருங்கள். வெயிலில் ஐஎஸ்ஓ 100 நெகட்டிவ் பிலிம், 1/1000 ஷட்டர், எஃப் 4 என்றால் ஒரு ஸ்டாப்புக்குள்தான் கூடும், அது தாங்கும்; எஃப் 2.8-ஐ நிழலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.