செலான் கையில் இருக்கிறது, பணம் இல்லை

வட சென்னையில் அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்றின் கட்டணப் பிரிவில் 31 ஆண்டுகள் வேலை பார்த்தவள் நான். தொழில் மந்தமாகும்போது கல்லூரிகள் மாணவர்களுக்கு எப்படிக் கைகொடுக்கலாம் என்று பலர் கேட்டிருந்தார்கள். என் பதில்கள் இவை.

கேள்வி (கல்லூரி அலுவலர், திருவொற்றியூர்): மணலிப் பக்கம் ஒப்பந்த வேலைகள் குறைந்துவிட்டன. மாணவர்கள் தரும் வருமானச் சான்றிதழிலோ வேலை இருந்த காலத்துத் தொகைதான் இருக்கிறது. எதை நம்புவது அம்மா?

அரசு உதவித்தொகைக்கு வட்டாட்சியர் தரும் சான்றிதழ்தான் கணக்கு. கல்லூரியின் சொந்த நிதிக்கு விதி எழுதுவது நீங்கள்தானே! வேலை நின்ற தேதி, கடைசி மூன்று மாத வங்கிப் புத்தகம், பெற்றோரிடம் பேசிவிட்டுத் துறைத் தலைவர் எழுதும் ஒரு குறிப்பு, இவை போதும். அமெரிக்காவில் பெற்றோருக்கு வேலை போனால், பழைய வருமானத்தை விட்டுவிட்டு இன்றைய நிலையைப் பார்க்கக் கல்லூரியின் உதவி அலுவலருக்குச் சட்டமே இடம் கொடுக்கிறது. நம் ஊரில் அதை நாமே செய்துகொள்ள வேண்டும்.

கேள்வி (விரிவுரையாளர், காசிமேடு): தவணையில் கட்டச் சொன்னால் யாரும் கட்டமாட்டார்கள் என்கிறது எங்கள் நிர்வாகம். உண்மையா?

இல்லை. உங்கள் பகுதியையே பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. விசைப்படகுகள் கரையில் நிற்கும் அதே நாட்களில்தான் கல்லூரிச் சேர்க்கையும் நடக்கிறது. ஊரெல்லாம் மந்தமென்றால் அந்த வீடுகளுக்கு இரட்டை அடி.

ஒரு ஜூன் மாதம், மீன் விற்கும் அம்மா ஒருவர் மகளோடு என் கவுன்ட்டருக்கு வந்தார். முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பத்தும் இருபதுமாக எண்ணி வைத்தார். 1,800 ரூபாய் குறைந்தது. “மிச்சத்தைத் தண்டல் வாங்கிக் கட்டட்டுமா?” என்று கேட்டார். பகுதிப் பணம் வாங்க விதி இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன். அந்தப் பெண் திரும்பி வரவே இல்லை. செலானை அவள் நான்காக மடித்த விதம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

மறு ஆண்டு முதல்வரிடம் சண்டை போட்டுத் தவணை முறையைக் கொண்டுவந்தோம். சேரும்போது முடிந்தது, மீதி ஆகஸ்டிலும் அக்டோபரிலும். அபராதம் இல்லை, ஹால் டிக்கெட்டை நிறுத்துவதும் இல்லை. பெரும்பாலோர் கட்டி முடித்தார்கள். பெரிய தொகை தாமதமாக வருவதைவிடச் சிறு தொகை கடைசித் தேதிக்கு முன் கிடைப்பதுதான் பிள்ளையைக் கல்லூரியில் நிறுத்துகிறது.

கேள்வி: அரசு உதவித்தொகை வரும்வரை மாணவரைக் கட்டச் சொல்லலாமா?

ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்கும் ஆதிதிராவிடர், பழங்குடியினர் மாணவர்களிடம் இப்படிக் கேட்பது உதவியின் நோக்கத்தையே கெடுத்துவிடும். முதலில் சேர்த்துக்கொள்ளுங்கள். வங்கிக் கணக்கு ஆதாரோடு இணைந்திருக்கிறதா என்று ஜூலையிலேயே பாருங்கள், தொகை அதில்தான் வரும். புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் வரும் மாதம் 1,000 ரூபாயைக் கட்டணக் கணக்கில் சேர்க்காதீர்கள். பஸ்ஸுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் அதுதான் இருக்கிறது.

கேள்வி (அறக்கட்டளை உறுப்பினர், ராயபுரம்): வைப்புநிதி வட்டி குறைந்துவிட்டது. உதவி பெறுவோர் எண்ணிக்கையைக் குறைப்பதா, தொகையைக் குறைப்பதா?

முதலில் மற்ற செலவுகளைக் குறையுங்கள். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் நிதியே 2009 ஜூனில் முடிந்த ஓராண்டில் சுமார் 27 சதவீதம் சரிந்தது. முதலீட்டு வருமானத்தை நம்பும் உதவி, தேவை கூடும் நேரத்தில்தான் சுருங்கும். நல்ல ஆண்டுகளில் கொஞ்சம் ஒதுக்கி வைக்காதவர்களுக்கு இது பெரிய சிக்கல். முன்னாள் மாணவர்களிடம் இப்போதே கேளுங்கள், ஒரு பிள்ளையின் ஒரு பருவக் கட்டணம் என்று குறிப்பிட்டுக் கேளுங்கள். அப்படியும் போதாவிட்டால், ஏற்கெனவே வாக்குக் கொடுத்தவர்களைக் கைவிடாதீர்கள். இறுதி ஆண்டு மாணவருக்கு முதலிடம்.

கேள்வி: பாக்கி வைத்தவரின் அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைக்கலாமா?

கூடாது. பல்கலைக்கழக மானியக் குழு 2018-இலேயே அசல் சான்றிதழ்களை வைத்துக்கொள்ளத் தடை விதித்திருக்கிறது.

கேள்வி (மாணவி, வியாசர்பாடி): உதவி கேட்டால் வகுப்பில் எல்லோருக்கும் தெரிந்துவிடுமே என்று பயமாக இருக்கிறது.

வெட்கப்பட ஒன்றும் இல்லை மகளே. கவுன்ட்டர் வரிசையில் நின்று சொல்ல வேண்டாம். வகுப்பு முடிந்ததும் துறைத் தலைவரைத் தனியாகப் பார், கடைசித் தேதிக்குப் பத்து நாள் முன்பே பார். கல்லூரிக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கும் பாக்கிப் பட்டியலை இன்றே கிழித்துவிடுங்கள்.