ஃபோலிக் ஆசிட் மாத்திரையைக் கர்ப்பம் உறுதியான பிறகு தொடங்கினால் போதாதா?

கேள்வி: திருமணமாகி ஆறு மாதம் ஆகிறது, குழந்தைக்கு முயற்சி செய்கிறோம். கர்ப்பம் உறுதியான பிறகு ஃபோலிக் ஆசிட் போட்டால் போதும்தானே?

போதாது, சகோதரி. இன்றே தொடங்குங்கள்.

எனக்கு முதலில் உண்டான குழந்தைக்கு மண்டை ஓடு உருவாகவில்லை. பன்னிரண்டு வாரம் கடந்து எடுத்த ஸ்கேனில்தான் தெரிந்தது. அனென்செஃபலி என்றார்கள், பிழைக்க வழியில்லாத குறைபாடு. நாள் தள்ளிப்போய் மூன்று வாரம் கழித்துத்தான் டாக்டரைப் பார்த்திருந்தேன். அன்று எழுதிக் கொடுத்த மாத்திரையை ஒரு நாள்கூட விடாமல் போட்டேன். ஆனால் அந்த மாத்திரை வேலை செய்ய வேண்டிய நாட்கள் அதற்கு முன்பே முடிந்திருந்தன.

கருவின் மூளையும் தண்டுவடமும் முதலில் தட்டையான தகடு போலத்தான் இருக்கும். ஓரங்கள் மடிந்து குழாயாக மூடிக்கொள்ளும். இது சரியாக மூட ஃபோலிக் ஆசிட் என்ற பி வகை வைட்டமின் உதவுகிறது. கரு உருவாகி ஏறக்குறைய 28 நாளில் இது முடிந்துவிடும். கடைசி மாதவிலக்கிலிருந்து எண்ணினால் ஆறு வாரம். அப்போது பலருக்கு உண்டாகியிருப்பதே தெரியாது. மேல் முனை மூடாவிட்டால் எனக்கு நேர்ந்தது. கீழே மூடாவிட்டால் ஸ்பைனா பிஃபிடா என்கிற முதுகெலும்புப் பிளவு.

ஏற்கெனவே இப்படிக் குழந்தை உண்டான பெண்களை வைத்து ஏழு நாடுகளில் நடத்திய ஆய்வு 1991இல் வெளியானது. கருவுறும் முன்பிருந்தே தினமும் 4 மில்லிகிராம் ஃபோலிக் ஆசிட் எடுத்தவர்களுக்கு, அதே குறைபாடு திரும்ப வருவது 72 சதவீதம் குறைந்தது. முன்பு பாதிப்பு இல்லாதவர்களுக்கு 400 மைக்ரோகிராம் (0.4 மில்லிகிராம்) போதும். கருவுறும் முன்பு தொடங்கி, கர்ப்பத்தின் 12ஆம் வாரம் வரை. நம் மருந்துக் கடைகளில் சாதாரணமாகக் கிடைப்பது 5 மில்லிகிராம் மாத்திரை. அதனால் உங்களுக்கு எந்த அளவு என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சர்க்கரை நோயோ வலிப்பு மாத்திரையோ இருந்தால் கட்டாயம் முன்கூட்டியே சொல்லுங்கள். கட்டுப்படாத சர்க்கரையும் சில வலிப்பு மருந்துகளும் தனியாகவே பிறவிக் குறைபாட்டுக்குக் காரணமாகலாம்.

கீரை சாப்பிட்டால் போதாதா என்று என் அத்தையும் கேட்டார். கீரையும் பருப்பும் நல்லதுதான், தினமும் சாப்பிடுங்கள். ஆனால் அவற்றில் ஃபோலேட்டாக இருக்கும் இந்தச் சத்து வேகும்போது அழியும், வடிக்கும் தண்ணீரோடும் போய்விடும். மாத்திரைக்கு ஈடாக அதை நம்ப முடியாது. சைவம் என்றால் வைட்டமின் பி12 குறைவாக இருக்கலாம், அதன் அளவையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். அப்புறம், உப்பு. இப்போது பலர் இந்துப்புக்கு மாறுகிறார்கள். அதில் பெரும்பாலும் போதிய அயோடின் இருப்பதில்லை. அயோடின் குறைந்தால் குழந்தையின் மூளை வளர்ச்சி பாதிக்கும், எனவே அயோடின் சேர்த்த உப்பே வாங்குங்கள். ரத்தம் ஊறும் என்று ஆட்டு ஈரலை அடிக்கடி கொடுப்பார்கள். முதல் மூன்று மாதம் வேண்டாம். அதில் வைட்டமின் ஏ மிக அதிகம், அளவு மீறினால் கருவுக்கே கெடுதல்.

எல்லாக் குறைபாட்டையும் சாப்பாட்டால் தடுக்க முடியாது. மாத்திரையை ஒழுங்காகப் போட்டவர்களுக்கும் சில சமயம் நேர்கிறது. எனக்கு அப்படி ஆனபோது, பப்பாளி சாப்பிட்டாயா, கிரகணத்தில் வெளியே போனாயா என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். அந்தக் கேள்விகள்தான் என்னை அதிகம் உடைத்தன. ஸ்கேனில் குறை தெரிந்து அழும் எந்தப் பெண்ணிடமும் தயவுசெய்து அப்படிக் கேட்காதீர்கள்.

இரண்டாவது முறை, கருவுறுவதற்கு மூன்று மாதம் முன்பே டாக்டர் சொன்ன அதிக அளவில் தொடங்கினேன். மகளுக்கு இப்போது நான்கு வயது.