தேன்குழலுக்குக் கேள்விக்குறி, தராசுக்குக் குப்பை எழுத்து: வாசகர் கேள்வி-பதில்

கே: பலகாரக்கடையில் பில் போட 58 மி.மீ. தெர்மல் பிரின்டர் வாங்கினோம். ஆங்கிலம் ஒழுங்காக வருகிறது. தேன்குழல், மனகோலம் என்று அடித்தால் வெறும் கேள்விக்குறிகள். கையேடு ஒரே ஒரு தாள், அதுவும் சீன மொழியில். (காரைக்குடி)

பிரின்டரில் பழுதில்லை. அதற்குள் இருக்கும் எழுத்து அட்டவணையில் தமிழ் இல்லை, அவ்வளவுதான். கோட் பேஜை, அதாவது எந்த எழுத்து அட்டவணை என்ற தேர்வை, மாற்றி மாற்றிப் பார்த்தால் தாள்தான் தீரும். தமிழ் வரிகளைப் படமாக்கி அனுப்ப வேண்டும்.

தாள் 58 மி.மீ. என்றாலும் அச்சு விழுவது 48 மி.மீ. அகலத்துக்குத்தான். மி.மீ.க்கு 8 புள்ளி, ஆக 384 புள்ளி. படத்தைக் கறுப்பு-வெள்ளையாக, சரியாக 384 அகலத்தில் தயாரியுங்கள். அனுப்பும் கட்டளை ஹெக்ஸில் (பதினாறின் அடிமான எண்முறையில்) 1டி 76 30 00. அடுத்து அகலம் இரண்டு பைட், உயரம் இரண்டு பைட், இரண்டிலும் சிறிய பைட் முதலில். பலரும் சறுக்குவது இந்த அகலத்தில்தான். அதைப் புள்ளியில் சொல்லக்கூடாது, பைட்டில் சொல்ல வேண்டும், 8 புள்ளி ஒரு பைட்: 384-ஐ 8-ஆல் வகுத்தால் 48, ஹெக்ஸில் 30 00. அங்கே 384 என்று கொடுத்தால் பிரின்டர் எட்டு மடங்கு தகவலை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கும். அடுத்த பில்லையும் படத்தின் மிச்சம் என்று விழுங்கிவிடும்.

நீளமான பில்லை ஒரே படமாக அனுப்பாதீர்கள், 48 புள்ளிவரி 48 புள்ளிவரியாக வெட்டி அனுப்புங்கள். அடர்கறுப்பு லோகோ வரும் இடத்தில் பிரின்டர் அணைந்து எழுந்தால் மின் அடாப்டருக்குத் திராணி போதவில்லை என்று பொருள். பிரின்டரை அணைத்து, ஃபீட் பொத்தானை அழுத்தியபடியே ஆன் செய்தால் பெரும்பாலானவற்றில் சோதனைத் தாள் ஒன்று வரும். அந்தச் சீனக் காகிதத்தைவிட அதுவே நல்ல கையேடு.

கே: எலக்ட்ரானிக் தராசை 9 பின் கேபிளில் கம்ப்யூட்டரோடு இணைத்தேன். எடை வருகிறது, ஆனால் சில இலக்கங்கள் மட்டும் குப்பையாக வருகின்றன. (தேவகோட்டை)

எந்த இலக்கங்கள் என்று பாருங்கள். 0, 3, 5, 6, 9 சரியாக வந்து 1, 2, 4, 7, 8 மட்டும் கெட்டுப்போகிறது என்றால் சந்தேகமே வேண்டாம்: தராசு 7 பிட்டோடு ஈவன் பாரிட்டி என்ற சரிபார்ப்பு பிட்டையும் சேர்த்து அனுப்புகிறது, நீங்கள் 8 பிட், பாரிட்டி இல்லாமல் வாசிக்கிறீர்கள். அந்தச் சரிபார்ப்பு பிட் எட்டாவது பிட்டாகக் கணக்கில் ஏறி, அந்த ஐந்து எண்களையும் வேறு எழுத்தாக்கிவிடுகிறது. போர்ட் அமைப்பில் 7 பிட், ஈவன் பாரிட்டி, 1 ஸ்டாப் பிட் என்று மாற்றினால் தீர்ந்தது.

எல்லா எழுத்துமே குப்பையென்றால் போர்ட் அமைப்பில் கொடுத்த வேகம் (பாட் ரேட்) தப்பு. 9600, 4800, 2400, 1200 என்று இறங்கிப் பாருங்கள். எதுவுமே வராவிட்டால் தராசிலிருந்து கழற்றி, கேபிள் முனையில் 2, 3 பின்களைச் சிறு கம்பியால் இணைத்து, சீரியல் போர்ட்டைத் திறக்கும் டெர்மினல் நிரலில் ஏதாவது தட்டுங்கள். தட்டியது திரும்பி வந்தால் கம்ப்யூட்டர் பக்கம் நலம். பிறகு 2-ஐயும் 3-ஐயும் குறுக்காக மாற்றிக் கட்டிப் பார்க்கலாம். 5-ஆம் பின் கிரவுண்ட், அது நேராகவே போக வேண்டும். சில தராசுகள் பிரின்ட் பொத்தானை அழுத்தினால் மட்டுமே எடையை அனுப்பும், அதையும் மறக்க வேண்டாம்.

கே: பழைய கணக்குப் பேரேடுகளை ஸ்கேன் செய்ய வேண்டும். வீட்டிலிருக்கும் ஸ்கேனருக்கு 32 பிட் டிரைவர்தான் கிடைக்கிறது, கம்ப்யூட்டரோ 64 பிட் விண்டோஸ். (கோட்டையூர்)

பழைய நிரல்களை ஓட்ட உதவும் 'கம்பாட்டிபிலிட்டி மோட்' இங்கே உதவாது. 64 பிட் விண்டோஸின் கெர்னல் (அதன் மைய நிரல்) 32 பிட் டிரைவரை ஏற்றவே ஏற்றாது. லினக்ஸை ஒரு பென் டிரைவிலிருந்து ஓட்டி, 'சேன்' (SANE) என்ற ஸ்கேனர் நிரல் தொகுப்பை முயலுங்கள். அதில் இரண்டு கட்டளைகள்: 'சேன்-ஃபைண்ட்-ஸ்கேனர்' யூஎஸ்பியில் ஏதோ ஒரு ஸ்கேனர் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும், 'ஸ்கேன்இமேஜ்' கட்டளையோடு பெரிய எல் (-L) சேர்த்தால், டிரைவர் உள்ளவற்றை மட்டும் காட்டும். முதலாவதில் தெரிந்து இரண்டாவதில் தெரியவில்லை என்றால் ஃபர்ம்வேர் கோப்பு (ஸ்கேனருக்குள் ஏற்ற வேண்டிய நிரல்) தேவைப்படலாம். அது அநேகமாக ஸ்கேனரோடு வந்த பழைய சிடியில் '.பின்' என்று முடியும் பெயரில் இருக்கும், சிடியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

கடகடவென்று சத்தம் மட்டும் வந்தால், ஸ்கேனரைக் கவிழ்த்து அடியில் பூட்டுப் படம் போட்ட நெம்புகோல் இருக்கிறதா என்று பாருங்கள். கொண்டுபோகும்போது பூட்டியதைத் திறக்க மறந்திருப்பார்கள்.

கே: யூஎஸ்பி வைஃபை வாங்கினேன். லினக்ஸில் சிடி டிரைவ் என்று காட்டுகிறது. ஒருவழியாக ஓடினாலும் அடிக்கடி அறுந்துபோகிறது. சுவர் தடிமன் காரணமா? (கானாடுகாத்தான்)

பெட்டியில் போட்டிருக்கும் பெயரை விட்டுவிட்டு, 'எல்எஸ்யூஎஸ்பி' கட்டளை காட்டும் யூஎஸ்பி அடையாள எண்ணைப் பாருங்கள். 0பிடிஏ:1ஏ2பி என்றிருந்தால் அது ரியல்டெக் சிப், விண்டோஸ் டிரைவரைச் சுமக்கும் சிடி வேடத்தில் இருக்கிறது. அந்த சிடியை எஜெக்ட் செய்தால் எண் மாறி வைஃபையாக எழும். சிப் 8811சியூ வகையென்றால் லினக்ஸ் கெர்னல் 6.2 முதல் டிரைவர் உள்ளேயே இருக்கிறது.

பட்டாலைக் கூடத்தில் ரூட்டர், வீட்டின் இரண்டாம் கட்டுக்குள் கம்ப்யூட்டர் என்றால் சுவரும் காரணம்தான். ரூட்டருக்குப் பக்கத்திலேயே வைத்தும் அறுந்தால், பக்கத்துத் துளையில் யூஎஸ்பி 3 ஹார்ட் டிஸ்க் செருகியிருக்கிறதா பாருங்கள். அதன் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸில் விழும். ஒரு மீட்டர் யூஎஸ்பி 2 நீட்டிப்புக் கேபிளில் வைஃபை அடாப்டரைத் தள்ளி வையுங்கள்.

கே: சிஎச்340 என்ற யூஎஸ்பி-சீரியல் சிப் உள்ள எலக்ட்ரானிக் போர்டு உபுன்டு 22.04-இல் தோன்றி மறைகிறது. (பள்ளத்தூர்)

பிரெய்ல் கருவிக்கான 'பிஆர்எல்டிடிஒய்' நிரல் அதைத் தன் கருவி என்று எண்ணிப் பிடித்துக்கொள்கிறது, இரண்டுக்கும் ஒரே யூஎஸ்பி அடையாள எண், 1ஏ86:7523. பிரெய்ல் தேவைப்படாதவர் அந்த நிரலை நீக்கிவிட்டு, போர்டைக் கழற்றிச் செருகலாம்.